எண் வேறு, ஆள் வேறு

(கருக்களாச்சேரியில் நடைபெற்ற வெள்ளி விழா உறுப்பினர் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். கல்வியின் சிறப்பை இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் செய்து காட்டியிருக்கிறது. அதனை நான் வந்து சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே அவர் இசைவு பெற்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும், நம் தாய்மார்களின் சுருக்குப் பையிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஆதார் அட்டையே அப்பொருள். அதிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணை வைத்துக்கொண்டு ஒருவரை இன்னார் என்று துணிவது சரியா, சரியன்று எனில் வேறு எவ்வழி நல்லது என்பதையே இன்று பேச விரும்புகிறேன். இது படித்த நகரத்தாரின் கவலை என்று எண்ணிவிடாதீர்கள். அரிசிக்கான பணமும், முதியோர் உதவித் தொகையும், நம் பிள்ளைகளின் கல்வி உதவித் தொகையும் இவ்வெண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நம் வீட்டிற்கு வருகின்றன. எண்ணில் கோளாறு ஏற்பட்டால் முதலில் அணைவது நம் அடுப்பே.

நான் ஆசிரியன், வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறேன். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "பதினேழு" என்று அழைக்கிறோம். "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வருகிறது. பதினேழாம் எண்ணுக்குரிய மாணவன் அன்று ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். குரல் கொடுத்தவன் அவன் தோழன்! இத்தந்திரம் தெரியாத மாணவனும் இல்லை, இதனை அறியாத ஆசிரியரும் இல்லை. பதினேழு என்பது யாருடைய எண் என்று வகுப்பு முழுமைக்கும் தெரியும். அதில் தவறொன்றுமில்லை, யாரைக் குறிக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரியத்தானே எண்ணை வைத்தோம்? எண்ணைச் சொன்னவனையே ஆள் என்று கொண்டு நிமிர்ந்து பாராமல் பதிவேட்டில் குறியிடுவதுதான் தவறு. குறிப்பது ஒன்று, மெய்ப்பிப்பது வேறொன்று. எண் குறிக்கும், மெய்ப்பிக்காது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவே; இனிக் கூறுவன எல்லாம் இதன் விரிவு.

எண் என்றாலே தீது என்று நான் கூறவில்லை. நம் சமூகத்தின் நிலையிலிருந்து பார்த்தால் அதற்கொரு பெருமை உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு நம்மவர் ஒருவர் எந்த அலுவலகத்திற்குச் சென்றாலும், "உன்னை யாருக்குத் தெரியும்?" என்பதே முதற் கேள்வி. நிலக்கிழாரோ கணக்குப்பிள்ளையோ, "இவன் நம்ம ஆள்தான்" என்று ஒரு சொல் சொன்னாலன்றி நம் பாட்டனார் இவ்வுலகில் இருந்ததற்கே சான்றில்லை. அச்சொல்லுக்கு விலையும் உண்டு. அவ்விலையை உழைப்பாகக் கொடுத்தோம். பெயரைச் சொன்னால் தகப்பன் பெயரைக் கேட்பார்கள். தகப்பன் பெயரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னதும் முகம் மாறும். ஆதார் எண் இத்தொல்லையை விட்டது. அது தற்செயலாகத் தெரிந்தெடுக்கப்பட்ட எண். அதனுள் ஊரும் இல்லை, சாதியும் இல்லை, மதமும் இல்லை. அக்கிரகாரத்தில் பிறந்தவர்க்கும் சேரியில் பிறந்தவர்க்கும் ஒரே பன்னிரண்டு இலக்கம். 2010 செப்டம்பர் 29 அன்று இவ்வெண் முதன்முதலாக வழங்கப்பட்டதும் மராட்டிய மாநிலத்து நந்தூர்பார் மாவட்டத்தில் தேம்பிளி என்னும் பழங்குடியினர் சிற்றூரிலேதான்.

இக்காரைக்கால் மண்ணிற்கு இதில் ஒரு பழங்கதையும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்புவோர், பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தமக்கென ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ளலாம் என்றது அவ்வாணை. அவ்வாறு பெயர் மாற்றிக்கொண்டவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் பலர். தெருவையும் பிறப்பையும் காட்டிக்கொடுக்காத ஒரு பெயர் வேண்டுமென்றே அவர்கள் அதனை நாடினர் என்பது என் கருத்து. அன்று பெயரில் தேடியது இன்று எண்ணில் எல்லார்க்கும் கிடைத்திருக்கிறது. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும் எண்ணின் மற்றொரு முகத்தையும் நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே காரைக்கால் துறையிலிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோர் பல்லாயிரவர். ஆங்கிலேயர் ஆண்ட மொரீசியசுக்குச் சென்றவர்களுக்கோ கரையிறங்கியதும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. 1860-களில் புகைப்படம் ஒட்டிய சீட்டும் வந்தது. சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவரைக் காவலர் பிடித்தனர். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்களைக் கொண்டே தம் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடுகிறார்கள். கட்டிப்போட்ட எண்ணே வேரைக் காட்டும் எண்ணாகவும் ஆயிற்று.

கைரேகையின் கதையும் இத்தகையதே. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் தமிழ் மக்கள் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை வைக்க மறுத்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். அவர்கள் நம் சமூகத்தார் அல்லர். ஆயினும் கையை நீட்டு என்று ஓர் அரசு கேட்கும்போது எதற்காக என்று திருப்பிக் கேட்கும் உரிமைக்காக உயிர் கொடுத்தவர்கள். அவர்களை இங்கு நினைவுகூர்வது நம் கடமை.

நிற்க. ஆதாருக்கு வருவோம். ஆணையம் முதலில் வகுத்த முறை நல்ல முறையே. எண்ணைச் சொல்ல வேண்டும். அதன்பின் விரல் ரேகையோ, கருவிழியோ, கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணோ கொடுக்க வேண்டும். ஆணையத்தின் கணிப்பொறி "ஆம்" அல்லது "இல்லை" என்று விடை தரும். நடந்தது என்ன? சிம் கார்டு வாங்கும் கடை, தங்கும் விடுதி, பத்திரம் எழுதுமிடம், வாடகை வீடு எனச் செல்லுமிடமெல்லாம் ஜெராக்ஸ் கேட்டார்கள். கொடுத்தோம். கணிப்பொறியையும் யாரும் கேட்கவில்லை, அட்டை மெய்யா பொய்யா என்றும் யாரும் பார்க்கவில்லை. அட்டையின் நகலைக் கையில் வைத்திருப்பவரே ஆள் என்றாயிற்று. என் மாணவன் பதினேழாம் எண்ணுக்குக் குரல் கொடுத்தானே, அதே கதைதான். அங்கே ஒரு நாள் வருகை போயிற்று. இங்கே போவது பணம்.

ஆணையமே இதில் தடுமாறியது. 2022 மே 27 அன்று அதன் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை எவரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று அறிவித்தது. நாடெங்கும் பரபரப்பு. இரண்டே நாளில், மே 29 அன்று, அவ்வறிவிப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று கூறி மத்திய அரசு அதனைத் திரும்பப் பெற்றது. என் கருத்தைக் கேட்டால், திரும்பப் பெற்ற அறிவிப்பே சரியான அறிவிப்பு.

அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பு, 2018 சூலையில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநராக இருந்து, அப்போது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர்.எஸ்.சர்மா அவர்கள், தம் ஆதார் எண்ணைப் பலரறிய வெளியிட்டு, இதனால் எனக்கு என்ன தீங்கு செய்ய முடியும் என்று அறைகூவினார். எண் வெறும் எண்தான் என்பது அவர் வாதம். அவ்வளவில் அது சரியே. சில மணி நேரத்தில் அவருடைய கைப்பேசி எண், முகவரி என்பனவற்றைப் பலர் தேடியெடுத்து வெளியிட்டனர். பின்னர் ஆணையமே, யாரும் இவ்வாறு தம் எண்ணை வெளியிட வேண்டா என்று எச்சரித்தது. அவருக்குத் தீங்கு நேர்ந்தால் வழக்காட வழக்கறிஞர்கள் உண்டு. வங்கி மேலாளரே எழுந்து நின்று பேசுவார். நம் தெருவிலுள்ள பாட்டிக்கு யார் உண்டு? அறைகூவல் விடுபவர் யார் என்பதைப் பொறுத்தது அதன் துணிவு.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் சமூகப் பாதுகாப்பு எண் என்று ஒன்று 1936-இல் தொடங்கப்பட்டது. தொழிலாளரின் ஊதியத்தைக் கணக்கில் வைத்து முதுமையில் ஓய்வூதியம் தருவது ஒன்றே அதன் நோக்கம். 1938-இல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் நகரில் பணப்பை செய்யும் நிறுவனம் ஒன்று, அட்டையை எவ்வாறு செருகி வைக்கலாம் என்று காட்டுவதற்காகத் தன் ஊழியப் பெண்மணி ஒருவரின் உண்மையான எண்ணையே மாதிரி அட்டையில் அச்சிட்டுப் பைகளில் வைத்து விற்றது. வாங்கியவர்களில் பலர் அதைத் தம் சொந்த எண் என்றே கருதிப் பயன்படுத்தத் தொடங்கினர்! 1943-ஆம் ஆண்டில் மட்டும் 5,755 பேர் அந்த ஓர் எண்ணைப் பயன்படுத்தினர்; மொத்தத்தில் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் என்பர். பாவம், அப்பெண்மணி வேறு எண் வாங்க நேர்ந்தது. 1946 முதல் 1972 வரை அச்சிடப்பட்ட அட்டைகளில், இஃது அடையாளத்திற்கு உரியதன்று என்ற வாசகமே இருந்தது. யார் கேட்டார்கள்? வங்கியும் மருத்துவமனையும் கல்லூரியும் அந்த எண்ணையே திறவுகோலாக்கின. 2017-இல் ஈக்குவிபேக்ஸ் என்னும் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. எண்களும் உடன் போயின. எண்ணை அறிந்தவரே ஆள் என்று வைத்திருந்த நாட்டில், ஒரே களவில் கோடிக்கணக்கானோரின் திறவுகோல்கள் சந்தைக்கு வந்துவிட்டன. இந்த எண்ணின் பயன் முடிந்துவிட்டது, வேறு வழி காண வேண்டும் என்று அவ்வரசின் உயர் அதிகாரியே அவ்வாண்டு பொதுமேடையில் கூறினார்.

அப்படியாயின் விரல் ரேகை இருக்கிறதே, அதை யார் திருட முடியும் என்று இளைஞர்கள் கேட்கலாம். இங்குதான் நான் சற்று நின்று பேச வேண்டும். இது நம் மக்களை நேரே தாக்கும் இடம்.

ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஊரிலுள்ள வங்கி முகவரின் சிறு இயந்திரத்தில் பணம் எடுத்துவிடலாம். ஏடிஎம் அட்டையும் வேண்டா, இரகசிய எண்ணும் வேண்டா. எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு இது பெரும் வசதி, மறுக்கவில்லை. ஆனால் விரல் ரேகை நாம் தொட்ட இடமெல்லாம் விட்டுச் செல்லும் ஒன்று. 2018-இல் தெலங்கானாவில் பதிவுத் துறையின் இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்துப் போலி விரல் செய்து சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் பிடிபட்டார். பத்திரத்தில் எண்ணும் இருக்கும், ரேகையும் இருக்கும். பூட்டும் சாவியும் ஒரே தாளில்! அதன் பின்னர் பல மாநிலங்களில் இதே வழியில் ஏழைகளின் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்ட வழக்குகள் பதிவாயின. இரகசிய எண் வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை எங்கே சென்று மாற்றுவது?

திருடனுக்குப் பயன்படும் விரல் உரியவர்க்குப் பயன்படுவதில்லை என்பது இன்னொரு கொடுமை. நாற்று நட்டவர், செங்கல் சுமந்தவர், உப்புநீரில் வலை இழுத்தவர், சாணம் தட்டியவர் ஆகியோரின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? வயல் வேலை செய்து ஓய்ந்த ஒரு மூதாட்டியை முகவர் ஒருவரின் மேசைக்கு முன்னே நான் கண்டிருக்கிறேன். விரலை வைக்கிறார், இயந்திரம் மறுக்கிறது. முந்தானையில் துடைக்கிறார், மறுக்கிறது. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைக்கிறார், மறுக்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்த பின்னர், "நாளைக்கு வா ஆயா" என்றார் அந்த இளைஞர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. நாற்பது ஆண்டு உழைத்ததன் பயனாக உழைத்தவரே தாம் அல்லர் என்று இயந்திரம் கூறுகிறதே, அதுதான் நெஞ்சை அறுத்தது. மேசையில் எழுதுபவர் விரல் தேய்வதில்லை. மண்ணில் உழைப்பவர் விரலே தேய்கிறது.

விரல் இருக்கட்டும், எண்ணை இணைக்கவில்லை என்பதற்காகவே பெயர் நீக்கப்பட்டால் என்னாகும்? சார்க்கண்டு மாநிலத்துச் சிம்தேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பர் 28 அன்று பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. எது எவ்வாறாயினும் அவ்வீட்டிற்கு அரிசி வரவில்லை என்பதில் ஐயமில்லை. அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதாலோ ரேகை பொருந்தவில்லை என்பதாலோ எவருக்கும் உணவுப் பொருளை மறுக்கக்கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் ஏழாம் பிரிவிலேயே, எண் வழங்கப்படாதவர்க்கு வேறு சான்றைக் கொண்டு உதவி வழங்க வேண்டும் என்று இருக்கிறது. இதனை இளைஞர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாதாட வேண்டிய நாள் வரும்.

நம் புதுச்சேரி மாநிலத்திற்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும்தான், ரேஷன் தானியத்திற்கு ஈடாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை தொடங்கப்பெற்றது. அரிசி என்றால் கண்ணால் பார்க்கலாம், படியால் அளக்கலாம். பணம் எந்தக் கணக்கிற்குச் சென்றது? ஆதார் வழி அனுப்பும் பணம், எண் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அக்கணக்கைத் தேடிச் செல்லும். 2017-இல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் நடந்ததைக் கேளுங்கள். சிம் கார்டைச் சரிபார்க்க என்று ரேகை வைத்தவர்களுக்கு அவர்கள் அறியாமலேயே கணக்குத் தொடங்கப்பட்டது. முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் சமையல் எரிவாயு மானியம், ஏறத்தாழ 190 கோடி உரூபாய், அக்கணக்குகளில் போய்ச் சேர்ந்தது. செய்தி வெளியானதும் அவ்வங்கியின் ஆதார் சரிபார்ப்பு உரிமையை ஆணையம் அவ்வாண்டு திசம்பரில் நிறுத்தி வைத்தது. எதற்கென்று அறியாமல் வைக்கும் ஒரு ரேகை, வீட்டிற்கு வர வேண்டிய பணத்தின் வழியையே திருப்பிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சரி, மாற்று என்ன? எஸ்தோனியா என்று ஐரோப்பாவில் ஒரு சிறு நாடு. மக்கள் தொகை பதின்மூன்று இலட்சம் அளவே. அங்கும் ஒவ்வொருவர்க்கும் எண் உண்டு; பிறந்த தேதியே அதற்குள் இருக்கிறது; அதனை எவரும் இரகசியமாகக் கருதுவதில்லை. ஏனெனில் எண்ணை அறிந்தவரால் ஒன்றும் செய்ய இயலாது. 2002 முதல் வழங்கப்படும் அட்டையில் ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் கணக்கியல் முறையால் ஆன திறவுகோல் ஒன்று பொதிந்திருக்கிறது. அட்டையும் கையில் இருக்க வேண்டும், உரியவரின் மனத்திலுள்ள இரகசிய எண்ணும் வேண்டும். 2017-இல் அச்சில்லுகளில் ஒரு குறை கண்டறியப்பட்டது. ஏறத்தாழ ஏழரை இலட்சம் அட்டைகள் ஆபத்துக்கு உள்ளாயின. அரசு அதை மறைக்கவில்லை. நவம்பரில் பழைய திறவுகோல்களை முடக்கிப் புதியன வழங்கியது. குறை வராத முறை உலகில் இல்லை; குறை வந்தால் சாவியை மாற்ற முடிகிறதா என்பதே கேள்வி.

சில்லு பதித்த அட்டை நம் கடற்கரைக்கு வராத பொருளன்று. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் கடல்வழி வந்து தாக்கிய நிகழ்ச்சிக்குப் பின்னர், ஒன்பது மாநிலங்களிலும் புதுச்சேரி உள்ளிட்ட நான்கு ஒன்றியப் பகுதிகளிலும் 3,331 கடலோர ஊர்களைத் தெரிந்து, அங்குள்ளோர்க்குச் சில்லு பதித்த குடியிருப்போர் அட்டை வழங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. பின்னர் ஆதாரே நாடு முழுமைக்கும் என்றானதும் அத்திட்டம் மற்ற ஊர்களுக்கு விரிவடையவில்லை.

ஆதாருக்குள்ளேயும் நல்ல கருவிகள் சில இருக்கின்றன. அவற்றை நம்மவர் அறியாதிருப்பதே குறை. 2018 சனவரியில், ஐந்நூறு உரூபாய்க்கு ஆதார் விவரங்கள் கிடைக்கின்றன என்று சண்டிகரின் 'டிரிப்யூன்' நாளேடு எழுதிய சில நாட்களுக்குள், மெய்நிகர் எண் என்னும் முறையை ஆணையம் அறிவித்தது. அது பதினாறு இலக்கம்; வேண்டும்போது பெற்று, வேண்டாதபோது மாற்றலாம்; அதிலிருந்து உண்மை எண்ணைக் கண்டுபிடிக்க இயலாது. மறைப்பு ஆதாரை முன்னரே குறிப்பிட்டேன். அட்டையிலுள்ள கட்டம் கட்டமான கியூஆர் குறியில் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. அதற்குரிய செயலியால் பார்த்தால் அட்டை மெய்யா போலியா என்று நொடியில் தெரியும். நகல் எடுத்து அடுக்கி வைக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லாவற்றிலும் முதன்மையானது ரேகைப் பூட்டு. நம் ரேகையையும் கருவிழியையும் நாமே பூட்டி வைக்கலாம். வேண்டும்போது சிறிது நேரம் திறக்கலாம். பூட்டியிருக்கும்வரை போலி விரலால் ஒரு காசும் எடுக்க இயலாது.

இவற்றுக்கெல்லாம் கைப்பேசி வேண்டுமே, பதிவு செய்த எண் வேண்டுமே என்று அங்கே ஒரு தம்பி முணுமுணுப்பது காதில் விழுகிறது. அவர் சொல்வது முற்றிலும் சரி. நம் வீடுகளில் ஆதாரோடு பதிந்திருக்கும் கைப்பேசி எண் யாருடையது? வெளிநாடு சென்ற மகனுடையது. அல்லது பணம் கட்டாததால் துண்டிக்கப்பட்டுப் பின்னர் வேறு யாருக்கோ விற்கப்பட்டது. சில வீடுகளில் விண்ணப்பம் நிரப்பிய கடைக்காரருடையதே! ஓடிபி எண் அவருக்குப் போகும். நம் பாட்டியின் சாவி அவர் சட்டைப் பையில். எனவே எவ்வளவு உயர்ந்த முறை வந்தாலும், இயந்திரம் "இல்லை" என்று சொல்லும் இடத்தில், "இவரை நான் அறிவேன், நான் பொறுப்பு" என்று கையெழுத்திடும் ஓர் அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய கணக்குப்பிள்ளையின் தயவு நமக்கு வேண்டா; சட்டப்படி அவர் செய்தாக வேண்டிய கடமையாக அது எழுதப்பட வேண்டும்.

பள்ளியைப் பற்றி ஒரு சொல் கூறாமல் என்னால் இறங்க முடியாது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஆதார் இல்லை என்பதற்காக எக்குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடமளித்த பகுதியும் நீக்கப்பட்டது. 2019-இல் வந்த திருத்தச் சட்டம், அவரவர் விருப்பத்தின்பேரில் வங்கியும் தொலைபேசி நிறுவனமும் ஏற்கலாம் என்று வகை செய்தது. விருப்பம் என்ற சொல்லைக் கவனியுங்கள். இப்போது மாணவர்க்கு அபார் என்று இன்னொரு பன்னிரண்டு இலக்க எண் வந்திருக்கிறது; அதற்கும் பெற்றோரின் இசைவுக் கடிதம் வேண்டும். நடைமுறையில் பெரும் தொல்லை எது தெரியுமா? பெயர்தான். பள்ளிப் பதிவேட்டில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து. 'ழ'கரத்தை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத கணினிப் பணியாளர் ஒருவரால் ஒரு பிள்ளையின் உதவித் தொகை ஓராண்டு நின்றதுண்டு. அழகாக வைத்த பெயரைச் சுருக்கியும் சிதைத்தும் பதிவது நம் தெருவிற்குப் பழைய வழக்கம். அன்று மைக்கூட்டால் செய்தார்கள், இன்று விசைப்பலகையால் செய்கிறார்கள்.

பிறந்த தேதியில் ஐயம் எழுந்தால் ஆதாரை நம்பி ஏமாறாதீர்கள். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றன்று என்று ஆணையமே கூறியிருக்கிறது. 2024 அக்டோபரில் விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், இறந்தவரின் வயதை ஆதாரைக் கொண்டன்று, பள்ளிச் சான்றிதழைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமையாசிரியர் எழுதும் அந்த ஒரு தாளுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது என்பதில் எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு, மறைப்பானேன்?

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வூரில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை இல்லாத வீடு இன்று அரிது. இந்த ஆண்டு விடுமுறையில் ஒவ்வொருவரும் அண்டையிலுள்ள ஐந்து முதியோரைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அவர்களின் ஆதாரில் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது, எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரேகையைப் பூட்டிக் கொடுங்கள். பணம் எடுக்கும் நாளில் உடன் சென்று திறந்து கொடுங்கள். அவர்களின் இரகசிய எண்ணை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டா. பேரனே ஆயினும் வேண்டா. ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் மறைப்பு ஆதாரைக் கொடுத்து, அதன் குறுக்கே இன்ன காரியத்திற்கு, இன்ன தேதியில் என்று பேனாவால் எழுதுங்கள். கணக்கிலிருந்து அறியாமல் பணம் போனால் அன்றே 1930 என்னும் எண்ணுக்கும், ஆதார் பற்றிய முறையீட்டிற்கு 1947 என்னும் எண்ணுக்கும் பேசுங்கள். நாள் கடந்தால் பணம் கை மாறிவிடும்.

பெயர்த் திருத்தத்திற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, ஞாயிறுதோறும் காலையில் இச்சங்கக் கட்டடத்தில் அமர்வதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருவோர் பள்ளி மாற்றுச் சான்றிதழின் அசலைக் கொண்டு வாருங்கள், நகல் வேண்டா.